அமெரிக்க உள்நாட்டுப் போரை முதன்முதலாக வகுப்பெடுக்கப் போகிறவர்களுக்கு

இந்தப் பாடத்தை நான் முதல் தடவை எடுத்தபோது கரும்பலகையில் "காரணங்கள்" என்று தலைப்புப் போட்டு, ஒன்று மாநில உரிமை, இரண்டு சுங்கவரி, மூன்று பொருளாதார வேறுபாடு, நான்கு அடிமை முறை, ஐந்து லிங்கன் வெற்றி என்று வரிசையாக எழுதினேன். கைடில் அப்படித்தான் இருந்தது. எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்களும் அப்படித்தான் எழுதிப்போட்டார்கள். மூன்றாவது பெஞ்சில் இருந்த ஒரு மாணவி எழுந்து, "மாநில உரிமைக்காகத்தான் சண்டை போட்டாங்கன்னா, தெற்குக்காரங்க பக்கம்தானே மேம் நியாயம்?" என்று கேட்டாள். குறும்புக்குக் கேட்கவில்லை. நான் எழுதிப்போட்டதை ஒழுங்காகப் படித்தால் யாரும் அந்த முடிவுக்குத்தான் வருவார்கள். நாற்பது லட்சம் மனிதர்களை ஆடுமாடு மாதிரி விற்று வாங்கிய ஓர் ஏற்பாட்டைக் காப்பாற்றக் கிளம்பியவர்கள் நியாயவான்களாகத் தெரியும்படி ஒரு மணி நேரம் பாடம் நடத்தியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அதற்கப்புறம் பாடத்தை அடியோடு மாற்றிக்கொண்டேன். பி.ஏ. வரலாற்றில் அமெரிக்க வரலாறு ஒரு தாளாகப் பல கல்லூரிகளில் இருப்பதால், ஒவ்வோர் ஆண்டும் யாரோ ஒருவர் புதிதாக இதைக் கையில் எடுக்கிறார். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். எட்டு வகுப்பு நேரம் கிடைக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். ஆறுதான் கிடைக்கும் என்றால் போர்க்களப் பகுதியைச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

வகுப்புக்குப் போகும் முன்: நான்கு ஆவணங்கள்

கைடைத் திறப்பதற்கு முன் நான்கு ஆவணங்களைப் படித்துவிடுங்கள். நான்கும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 1860 டிசம்பரில் தென் கரோலினா பிரிந்துபோனபோது வெளியிட்ட காரண அறிக்கை ஒன்று. 1861 ஜனவரியில் மிசிசிப்பி வெளியிட்ட அதே மாதிரியான அறிக்கை இன்னொன்று. மூன்றாவது, பிரிந்த மாநிலங்களின் துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் 1861 மார்ச் 21 அன்று சவானா நகரில் பேசிய உரை. அப்புறம் அந்தப் புதிய நாட்டின் அரசியலமைப்புச் சட்டம். அதில் சட்டமன்றம் எதைச் செய்யக்கூடாது என்று சொல்லும் பகுதி மட்டும் போதும். உரை மட்டும் கொஞ்சம் நீளம், மற்றபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் முடிந்துவிடும். முக்கியமான பத்திகளை நீங்களே தமிழில் எழுதி நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகள் நிறையப் பேர் மூன்று ஆண்டும் மூல ஆவணம் ஒன்றைக்கூடத் தொடாமலே பட்டம் வாங்கிப் போகிறார்கள். நீங்கள் எழுதித் தரும் அரைப் பக்கம் அவர்கள் கையில் கிடைக்கும் முதல் ஆவணமாக இருக்கலாம், அதனால் மொழிபெயர்ப்பில் அவசரம் காட்டாதீர்கள்.

முதல் வகுப்பு: சொற்கள்

நம் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தில் சிக்கலே சொல்லில்தான் தொடங்குகிறது. "வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது" என்று கேட்டு வளர்ந்த ஊரில் போய் வடக்கு, தெற்கு என்று ஆரம்பித்தால் மனசு எந்தப் பக்கம் சாயும்? மாநில உரிமை இங்கே நல்ல சொல், பலர் பாடுபட்டுச் சம்பாதித்துக் கொடுத்த சொல். ஒன்றியம் என்றால் நேற்றிரவுத் தொலைக்காட்சி விவாதம் நினைவுக்கு வரும். உள்நாட்டுப் போர், தனிநாடு என்றால் ஈழம் நினைவுக்கு வரும். இத்தனை உணர்ச்சியும் ஏறிக் கிடக்கும் சொற்களை எந்த விளக்கமும் இல்லாமல் 1861இன் அமெரிக்காவுக்குப் போட்டால், பாடம் தொடங்கும் முன்பே வகுப்பில் தெற்கு ஜெயித்துவிடும்.

ஆகவே இதை மறைக்காமல் பேசிவிடுங்கள். "இந்தச் சொற்களுக்கு நம் ஊரில் ஒரு பொருள், அங்கே அப்போது வேறு பொருள்" என்று சொல்லி, பலகையில் இரண்டு பத்தி போட்டு எழுதுங்கள். ஒன்றியம் என்றால் பிரியாமல் நின்ற மாநிலங்கள். அவற்றில் டெலவேர், மேரிலாந்து, கென்டக்கி, மிசௌரி ஆகிய நான்கும் அடிமை முறை உள்ளவை என்பதையும் அங்கேயே எழுதிவிடுங்கள், பின்னால் தேவைப்படும். கூட்டமைப்பு என்றால் பிரிந்துபோன 11 மாநிலங்கள், தலைவர் ஜெஃபர்சன் டேவிஸ்.

அடுத்து அடிமை என்ற சொல். போனுக்கு அடிமை, சீரியலுக்கு அடிமை என்று சொல்லிச் சொல்லி அதன் கனம் நம்மிடம் குறைந்துபோயிருக்கிறது. அமெரிக்கச் சட்டத்தில் அது என்னவாக இருந்தது என்று துல்லியமாகச் சொல்லுங்கள்: ஆளை விற்கலாம், அடமானம் வைக்கலாம், உயில் எழுதிப் பிள்ளைக்குக் கொடுக்கலாம். தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை என்று வர்ஜீனியா 1662இலேயே சட்டம் போட்டுவிட்டது, அதாவது தகப்பன் முதலாளியாகவே இருந்தாலும் பிள்ளை அவனுடைய சொத்துதான். அவர்கள் செய்துகொண்ட திருமணம் சட்டத்தில் செல்லாது. தெற்கில் பல மாநிலங்களில் அவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பது குற்றம். இந்தக் கடைசிச் செய்தியைச் சொல்லும்போது கல்லூரியில் உட்கார்ந்திருக்கும் முதல் தலைமுறைப் பிள்ளைகள் முகத்தைப் பாருங்கள், விளக்கவே வேண்டியிருக்காது.

நான் "அடிமைகள்" என்பதற்குப் பதில் முடிந்தவரை "அடிமையாக்கப்பட்டவர்கள்" என்கிறேன். யாரோ செய்த வேலை அது என்பது சொல்லிலேயே தெரியட்டும் என்பதற்காக. பழைய தமிழ் நூல்களில் வரும் "நீக்ரோ" என்ற சொல்லை ஆவண மேற்கோளில் தவிர வேறெங்கும் பயன்படுத்த வேண்டாம், கறுப்பின மக்கள் என்றே சொல்லுங்கள், ஏன் என்று ஒரு நிமிடம் விளக்கியும் விடுங்கள்.

இரண்டாம் வகுப்பு: ஒரு கைப்பிடி பருத்தி

கொட்டை நீக்காத பருத்தி கொஞ்சம் கொண்டுபோங்கள். கோவில்பட்டி, விருதுநகர், ராஜபாளையம் பக்கம் என்றால் எந்த மாணவர் வீட்டிலாவது கிடைக்கும். ஆளுக்கு இரண்டு சுளை கொடுத்து, பத்து நிமிடத்தில் பஞ்சையும் கொட்டையையும் பிரிக்கச் சொல்லுங்கள். எளிதில் வராது, பஞ்சு கொட்டையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். அமெரிக்காவின் உள்நாட்டு நிலங்களில் விளைந்த குட்டை இழைப் பருத்தியிலும் இதுதான் தொல்லை. 1793இல் எலி விட்னி கொட்டை நீக்கும் இயந்திரத்தை உருவாக்கினார், நாம் ஜின்னிங் என்கிறோமே, அதன் முன்னோடி. இயந்திரம் வந்ததால் வேலையாட்களின் பாடு குறைந்திருக்கும் என்றுதான் மாணவர்கள் சொல்வார்கள், சொல்லட்டும். பிறகு இரண்டு எண்களைப் பலகையில் எழுதுங்கள். 1790இல் அமெரிக்காவில் அடிமையாக்கப்பட்டோர் சுமார் 7 லட்சம். 1860இல் சுமார் 39.5 லட்சம்.

எப்படி? கொட்டை நீக்குவது எளிதானதும் பருத்தி போடுவது பெரும் லாபமாகிவிட்டது. ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி, லூசியானா என்று மேற்கே மேற்கே நிலம் விரிந்தது, அந்த நிலத்திலிருந்து பழங்குடி மக்களைத் துரத்தினார்கள், பறிக்க ஆள் வேண்டும் என்று வர்ஜீனியா, மேரிலாந்து போன்ற பழைய மாநிலங்களிலிருந்து மனிதர்களை வாங்கிச் சங்கிலியில் பிணைத்து நடத்தியும் கப்பலேற்றியும் கொண்டுபோனார்கள். வெளிநாட்டிலிருந்து ஆள் இறக்குவது 1808இலேயே தடை செய்யப்பட்டுவிட்டது, ஆனால் உள்நாட்டு விற்பனை நடந்துகொண்டே இருந்தது. அப்படிப் பெயர்க்கப்பட்டவர்கள் சுமார் 10 லட்சம் பேர் என்பது வரலாற்றாசிரியர்கள் கணக்கு. கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். போருக்கு முந்தைய ஆண்டுகளில் பிரிட்டன் ஆலைகளுக்கு வந்த பஞ்சில் ஏறக்குறைய முக்கால் பங்கு இவர்கள் பறித்தது. அதில் பணம் போட்டவர்கள், கப்பல் விட்டவர்கள், காப்பீடு கொடுத்தவர்கள் நியூயார்க்கிலும் இருந்தார்கள். நெசவாலைகள் மாசசூசெட்ஸில் ஓடின. வடக்கு கை சுத்தமானது என்ற எண்ணம் மாணவர்களுக்கு வராமல் இருக்க இந்த இரண்டு செய்தி போதும்.

இங்கேதான் நம் ஊரோடு உண்மையான தொடர்பு ஒன்று வருகிறது. போரில் ஒன்றியக் கடற்படை தென் துறைமுகங்களை அடைத்ததும் லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு வரவில்லை, ஆலைத் தொழிலாளிகள் பட்டினி கிடந்தார்கள், பிரிட்டன் இந்தியப் பருத்தியைத் தேடி ஓடிவந்தது. பம்பாயில் பணம் கொழித்தது, மதராஸ் மாகாணத்திலும் பஞ்சு விலை ஏறியது, 1865இல் போர் முடிந்ததும் விலை விழுந்து பம்பாயில் வணிக நிறுவனங்களும் வங்கிகளும் நொடித்துப்போயின. இதைச் சொன்னால் கரிசல்காட்டுப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆனால் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், பாடம் அங்கே நடக்கிறது.

ஒரு எச்சரிக்கை. பருத்தி பிரிப்பது அந்த இயந்திரத்தையும் பணக்கணக்கையும் புரிந்துகொள்வதற்காக மட்டும். யாரையும் அடிமையாகவோ முதலாளியாகவோ நடிக்க வைக்காதீர்கள், ஏலம் நடத்திக் காட்டாதீர்கள். சில இடங்களில் "செயல்வழிக் கற்றல்" என்ற பெயரில் இதைச் செய்கிறார்கள். யாராவது சிரிப்பார்கள், யாராவது கூனிக் குறுகுவார்கள், அந்த வலி கொஞ்சமும் யாருக்கும் புரியப்போவதில்லை. நம் வகுப்பறையில் யாருடைய தாத்தா எந்தப் பண்ணையில் யாருக்குக் கைகட்டி நின்றார் என்று நமக்குத் தெரியாது.

மூன்றாம் வகுப்பு: பெயரில்லாத பட்டியல்

என் வகுப்புகளில் எனக்கு முக்கியமானது இதுதான். 1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அடிமையாக்கப்பட்டோருக்குத் தனிப் படிவம் இருந்தது. அதன் கட்டங்களைப் பலகையில் வரையுங்கள்: முதலாளி பெயர், அதன் கீழ் ஒவ்வொரு வரியாக வயது, பால், நிறம், ஓடிப்போனவரா. வரைந்துவிட்டு, "இதில் என்ன இல்லை?" என்று மட்டும் கேளுங்கள். சில நொடி ஆகும். பிறகு யாராவது சொல்வார்கள், பெயர் இல்லை. 35, ஆண். 30, பெண். 6, ஆண். 8 மாதம், பெண். (இந்த வரிகள் நான் பலகையில் எழுதும் மாதிரி, உண்மைப் படிவங்களின் படங்கள் இணையத்தில் உண்டு.) இவர்கள் ஒரு குடும்பமா என்றுகூட அந்தத் தாளை வைத்துச் சொல்ல முடியாது.

அடுத்து, பெயரோடு பேசியவர்களைக் கொண்டுவாருங்கள். ஃபிரெடரிக் டக்ளஸ் மேரிலாந்தில் 1818 வாக்கில் பிறந்தவர். வாக்கில் என்று சொல்வதற்குக் காரணம், அவருக்கே தன் பிறந்த நாள் தெரியாது. 1838இல் தப்பினார், எழுதினார், பத்திரிகை நடத்தினார். 1852 ஜூலை 5 அன்று ராச்செஸ்டரில் நின்று, ஜூலை நான்கு உங்கள் பண்டிகை, அது அடிமைக்கு என்ன என்று வெள்ளையர் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். ஹாரியட் டப்மன் 1849இல் தப்பி வந்து, ஏறக்குறைய 13 தடவை திரும்பிப் போய் 70 பேர்வரை மீட்டுக்கொண்டு வந்தவர்.

ஹாரியட் ஜேக்கப்ஸ் பற்றிச் சற்று நின்று சொல்லுங்கள். வட கரோலினாவின் ஈடன்டன் ஊரில், முதலாளியின் பாலியல் தொல்லையிலிருந்து தப்ப, தன் பாட்டி வீட்டுக் கூரைக்கடியில் ஏழு ஆண்டுக்குச் சற்றுக் குறைவாக ஒளிந்திருந்தார். அந்த இடம் 9 அடி நீளம், 7 அடி அகலம், மிக உயரமான இடத்தில் 3 அடி. வகுப்பறைத் தரையில் சாக்பீஸால் 9க்கு 7 கோடு போடுங்கள். அப்புறம் மேசையைக் காட்டி, இதைவிட ஒரு சாண் கூட உயரம் இருக்காது என்று சொல்லுங்கள். யாரையும் படுக்கச் சொல்ல வேண்டாம். அங்கிருந்த சிறு துளை வழியாக அவர் தெருவில் போகும் தன் பிள்ளைகளைப் பார்க்க முடிந்தது, அம்மா மேலே இருக்கிறாள் என்று அவர்களிடம் சொல்ல முடியவில்லை. பாலியல் வன்முறையை மழுப்பாமல் அந்தப் பெயரிலேயே சொல்லுங்கள், விவரிக்க வேண்டாம். 1863இல் எடுத்த, முதுகு முழுக்கச் சாட்டைத் தழும்போடு உட்கார்ந்திருக்கும் மனிதரின் புகைப்படம் உண்டு, பலருக்கும் தெரிந்தது. காட்டுவதென்றால் முன்கூட்டிச் சொல்லிவிட்டுக் காட்டுங்கள், பார்க்க விரும்பாதவர்கள் தலை குனிந்துகொள்ளட்டும்.

நான்காம் வகுப்பு: 1820 முதல் 1860 வரை

இதை வேகமாகக் கடந்துவிடலாம். நிறைய ஒப்பந்தங்கள், நிறையப் பெயர்கள், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கேள்வி: மேற்கே புதிதாகச் சேரும் நிலத்தில் அடிமை முறை உண்டா, இல்லையா? 1820 மிசௌரி உடன்பாடு, இதற்கு வடக்கே அடிமை முறை கிடையாது என்று ஓர் எல்லைக்கோடு கிழித்தது. 1850 உடன்பாடு கலிஃபோர்னியாவைச் சேர்த்துக்கொண்டு, பதிலுக்குத் தப்பியோடியோர் சட்டத்தை, அதாவது தப்பிப்போன அடிமைகளைப் பிடித்து முதலாளியிடம் திருப்பித் தரும் சட்டத்தை, கடுமையாக்கியது. 1854 கேன்சஸ்-நெப்ராஸ்கா சட்டம் அந்தப் பழைய எல்லைக்கோட்டை அழித்தது, கேன்சஸில் ரத்தம் ஓடியது. 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில், கறுப்பின மக்கள் அமெரிக்கக் குடிமக்களாகவே முடியாது என்று உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி டேனி எழுதினார். 1859இல் அடிமை முறையை எதிர்த்த ஜான் பிரவுன் ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதக் கிடங்கைத் தாக்கித் தூக்கிலிடப்பட்டார். 1860 நவம்பரில் லிங்கன் வென்றார், மக்கள் வாக்கில் சுமார் 40 சதவீதம்தான். அடிமை முறை பரவக்கூடாது என்பதுதான் அவர் சொன்னது, இருக்கும் இடத்தில் ஒழிப்பேன் என்று அவர் அப்போது சொல்லவே இல்லை. அதற்கே டிசம்பர் 20இல் தென் கரோலினா வெளியேறியது.

பலகையில் காலக்கோடு போட்டு இந்த ஆறேழு ஆண்டுகளை மட்டும் குறியுங்கள், போதும்.

ஐந்தாம் வகுப்பு: அவர்கள் வாயாலேயே கேட்பது

நீங்கள் மொழிபெயர்த்து வைத்த தாள்களை இப்போது கொடுங்கள். நான்கு குழு, ஆளுக்கொரு ஆவணம். அடிமை என்ற சொல் வரும் இடத்தையெல்லாம் சிவப்பிலும், சுங்கவரி என்று வரும் இடத்தைப் பச்சையிலும் கோடிடச் சொல்லுங்கள். கால் மணி நேரம் நீங்கள் எதுவும் பேச வேண்டாம்.

மிசிசிப்பி அறிக்கை தொடக்கத்திலேயே, எங்கள் நிலைப்பாடு அடிமை முறையோடு முற்றாகப் பிணைந்தது, அது உலகின் மிகப் பெரிய பொருளாதார நலன் என்று சொல்லிவிடுகிறது. ஸ்டீபன்ஸ் உரையில், எங்கள் புதிய அரசின் மூலைக்கல் நீக்ரோ வெள்ளையனுக்குச் சமமில்லை என்ற பெரிய உண்மையின் மீது நிற்கிறது, உயர்ந்த இனத்துக்கு அடிமையாக அடங்கி இருப்பதே அவனுடைய இயல்பான நிலை என்று வருகிறது. கூட்டமைப்பின் அரசியலமைப்பு, அடிமைகள் மீதான சொத்துரிமையைக் குறைக்கும் எந்தச் சட்டமும் இயற்றக்கூடாது என்கிறது.

தென் கரோலினா அறிக்கையைக் கடைசிக்கு வையுங்கள், ஏனென்றால் மாநில உரிமை என்ற முடிச்சு அங்கேதான் அவிழ்கிறது. அவர்கள் புகார் என்ன? தப்பி வந்தவர்களைப் பிடித்துத் தரமாட்டோம் என்று வட மாநிலங்கள் தங்கள் சட்டமன்றங்களில் சட்டம் போட்டுவிட்டன, மத்திய அரசின் சட்டத்தை மதிக்கவில்லை என்பதுதான். அதாவது, வட மாநிலங்கள் தங்கள் மாநில உரிமையைப் பயன்படுத்தியது தெற்குக்குப் பிடிக்கவில்லை. 1850 சட்டத்தின்படி மத்திய அரசு அதிகாரி பாஸ்டன் நகருக்குள் நுழைந்து ஒருவரைப் பிடித்துக் கட்டி இழுத்துப் போகலாம், அதைத் தெற்கு கேட்டு வாங்கியது. இதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். "எந்த மாநிலத்தின், எதற்கான உரிமை?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். என் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் தாளிலிருந்து தலை நிமிர்ந்து இதைக் கண்டுபிடித்துவிடுகிறார்.

"தெற்கில் எல்லா வெள்ளையரும் முதலாளிகளா மேம்?" என்று கட்டாயம் கேள்வி வரும். இல்லை, சுமார் நான்கில் ஒரு குடும்பத்திடம்தான் அடிமைகள் இருந்தார்கள். அப்படியானால் மற்றவர்கள் ஏன் போருக்குப் போனார்கள்? சிலர் வாடகைக்கு ஆள் எடுத்தார்கள், சிலர் நாளை வாங்கலாம் என்று நம்பினார்கள், எவ்வளவு ஏழையானாலும் நமக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்ற நினைப்பு எல்லாருக்கும் இருந்தது, 1862 முதல் கட்டாய ஆள்சேர்ப்பும் வந்தது. கீழே ஒருவன் என்ற அந்தப் பகுதியை நம் மாணவர்களுக்கு நான் விளக்கியதே இல்லை. கேட்டவுடன் புரிந்துகொள்கிறார்கள்.

ஆறாம் வகுப்பு: போர்

1861 ஏப்ரல் 12, சம்டர் கோட்டை, போர் தொடங்கிய இடம். 1862 செப்டம்பர் 17, ஆன்டீட்டம், ஒரே நாளில் இரு தரப்பிலும் சேர்த்துச் சுமார் 23,000 பேர் இறந்தோ காயம்பட்டோ காணாமலோ போனார்கள். 1863 ஜூலை, கெட்டிஸ்பர்க், விக்ஸ்பர்க். 1865 ஏப்ரல் 9, அப்பமாட்டக்ஸில் கூட்டமைப்பின் தளபதி லீ சரணடைந்தார். போர்க்கள வரிசை இவ்வளவு போதும். மொத்தம் இறந்தவர்கள் 6.2 லட்சம் என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள், பிற்காலக் கணக்குகள் 7.5 லட்சம்வரை போகின்றன. குண்டில் செத்தவர்களைவிட வயிற்றுப்போக்கிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள் அதிகம்.

மிச்ச நேரத்தை மன்றோ கோட்டைக்குக் கொடுங்கள். 1861 மே 23 இரவு, வர்ஜீனியாவில் ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்டு மல்லரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் என்று மூன்று பேர், கூட்டமைப்புப் படைக்காகப் பீரங்கி மேடு கட்ட வைக்கப்பட்டிருந்தவர்கள், படகேறி ஒன்றியத்தின் கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். மறுநாள் எதிர்த் தரப்பு அதிகாரி வெள்ளைக்கொடியோடு வந்து, தப்பியோடியோர் சட்டப்படி அவர்களைத் திருப்பிக் கொடு என்று கேட்டார். கோட்டைத் தளபதி பட்லர் வழக்கறிஞராக இருந்தவர். நீங்கள்தான் வேறு நாடு என்கிறீர்களே, அப்புறம் எங்கள் நாட்டுச் சட்டம் உங்களுக்கு எப்படிப் பொருந்தும் என்றார். எதிரியின் போர்ப்பொருள் என்று சொல்லி மூவரையும் வைத்துக்கொண்டார். சேதி பரவியது. ஜூலை முடிவதற்குள் 900 பேர் வந்துவிட்டார்கள், பெண்கள், குழந்தைகள், கிழவர்கள். ஆகஸ்டில் இப்படி வருகிறவர்களுக்காக நாடாளுமன்றம் சட்டம் போட வேண்டியதாயிற்று. லிங்கனின் விடுதலைப் பிரகடனம் வர இன்னும் ஓராண்டுக்கு மேல் இருந்தது. 1619இல் ஆப்பிரிக்கர்களை ஏற்றிவந்த கப்பல் வந்து நின்ற பாயின்ட் கம்ஃபர்ட் முனையில்தான் இந்தக் கோட்டை இருக்கிறது என்பதையும் வரைபடத்தில் காட்டுங்கள்.

இந்தக் கதை இல்லாமல் நேரே விடுதலைப் பிரகடனத்துக்குப் போனால், ஒரு நல்ல மனிதர் மனமிரங்கிக் கொடுத்தார், இவர்கள் வாங்கிக்கொண்டார்கள் என்றாகிவிடும். லிங்கன் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு, ஆனால் அவரை நடந்தபடி சொல்ல வேண்டும். 1862 ஆகஸ்டில், ஓர் அடிமையைக்கூட விடுவிக்காமல் ஒன்றியத்தைக் காப்பாற்ற முடிந்தால் அப்படியே செய்வேன் என்று எழுதியவர்தான், 1863 ஜனவரி 1 அன்று பிரகடனத்தில் கையெழுத்திட்டார். அந்தப் பிரகடனமும் கிளர்ச்சி செய்த பகுதிகளுக்கு மட்டும், முதல் வகுப்பில் எழுதிய அந்த நான்கு மாநிலங்களுக்குக் கிடையாது. அப்படியானால் அதனால் என்ன மாறியது? ஒன்றியப் படை போகும் இடமெல்லாம் விடுதலை போனது, கறுப்பின ஆண்கள் படையில் சேர்ந்தார்கள். தரைப்படையில் சுமார் 1,80,000 பேர். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர், இவர்களுக்கு உடைப் பணம் பிடித்தது போகக் கையில் 7. மாசசூசெட்ஸ் 54ஆம் படைப்பிரிவு அந்தச் சம்பளத்தையே வாங்க மாட்டோம் என்று மறுத்துக்கொண்டே சண்டை போட்டது. 1864 ஜூனில்தான் சமச் சம்பளம் வந்தது. சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் கூட்டமைப்பின் கப்பலைத் தன் குடும்பத்தோடு ஓட்டிக்கொண்டு வந்து ஒன்றியத்திடம் ஒப்படைத்த ராபர்ட் ஸ்மால்ஸை மறக்காதீர்கள். பின்னால் அவர் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார்.

ஏழாம் வகுப்பு: போருக்குப் பின்

1865இல் 13ஆம் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது, குற்றத்துக்குத் தண்டனையாக என்றால் தவிர. அந்த விதிவிலக்கை மாணவர்களை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். உடனே தென் மாநிலங்கள் வேலையில்லாமல் திரிவதைக் குற்றமாக்கி, பிடித்தவர்களைப் பழைய வயல்களுக்கே வாடகைக்கு அனுப்பின. 1868இல் குடியுரிமை, 1870இல் வாக்குரிமை, கறுப்பினத்தவர் சட்டமன்றங்களில் அமர்ந்தார்கள், பள்ளிகள் வந்தன. 1877இல் மத்திய அரசின் படைகள் தெற்கிலிருந்து பின்வாங்கியதும் அத்தனையும் பறிபோகத் தொடங்கியது.

கைடில் மாநில உரிமை முதலிடத்துக்கு வந்த கதையை இங்கே சொல்லலாம். மூலைக்கல் உரை நிகழ்த்திய அதே ஸ்டீபன்ஸ், தோற்ற பிறகு உட்கார்ந்து, போர் அடிமை முறைக்காக நடக்கவில்லை, அரசியலமைப்புக் கொள்கைக்காக நடந்தது என்று இரண்டு தொகுதி எழுதினார். டேவிஸும் அப்படியே எழுதினார். பிறகு சிலைகள் வந்தன, அந்தக் கருத்தில் பாடநூல்கள் வந்தன, அது கடல் கடந்து நம் கைடுவரை வந்துவிட்டது.

"நம்ம ஊர்ல இருந்ததும் இதுதானே?" என்ற கேள்வி இந்த வகுப்பில் வரும், சில சமயம் முன்னாலேயே வரும். தட்டிக்கழிக்காதீர்கள். பண்ணையாள் முறை இங்கே இருந்தது, கம்பெனி அரசு 1843இல் அடிமை நிலைக்குச் சட்ட ஏற்பை நீக்கியது, கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல்தான் வந்தது. அங்கே நிறமும் சந்தை விற்பனையும், இங்கே சாதியும் நிலமும். ஒற்றுமை எது, வேற்றுமை எது என்று இரண்டையும் எழுத வையுங்கள். இந்த ஒப்பீட்டை நாம் புதிதாகச் செய்யவில்லை, ஜோதிராவ் புலே 1873இலேயே சாதியைப் பற்றிய தன் நூலை, அடிமை முறையை ஒழித்ததற்காக அமெரிக்க மக்களுக்குச் சமர்ப்பித்திருக்கிறார். எந்த மாணவரையும் "உன் குடும்பத்தில் எப்படி?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

எட்டாம் வகுப்பு: தேர்வும் ஒரு குரலும்

தேர்வில் ஐந்து காரணம் கேட்பார்கள், எழுதித்தான் ஆக வேண்டும். நான் சொல்லும் முறை இது: அடிமை முறையை முதலில் எழுது, மற்ற நான்கையும் எழுதி, ஒவ்வொன்றின் கீழும் அது அடிமை முறையோடு எப்படிச் சேர்கிறது என்று ஒரு வரி சேர். பொருளாதார வேறுபாடு என்றால் கூலி உழைப்புக்கும் அடிமை உழைப்புக்கும் உள்ள வேறுபாடு. சுங்கவரி என்றால், 1857 வரி பல பத்தாண்டுகளில் மிகக் குறைவானது, உயர்த்திய சட்டம் 1861 மார்ச்சில் ஏழு மாநிலங்கள் போன பிறகுதான் வந்தது என்று ஒரு வரி. திருத்துபவர் மதிப்பெண்ணைக் குறைத்ததாக இதுவரை எந்த மாணவரும் வந்து சொன்னதில்லை.

கடைசிக் கால் மணி நேரத்துக்கு ஒரு ஒலிப்பதிவு. அடிமையாகப் பிறந்தவர்கள் சிலரின் குரல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தளத்தில் இருக்கிறது. 1949இல் பால்டிமோரில் பதிவான ஃபவுன்டன் ஹியூஸ் என்ற முதியவரின் பதிவை நான் போடுவேன். குதிரையை, மாட்டை, பன்றியை விற்பதுபோல எங்களை விற்றார்கள் என்று அவர் சொல்லும் இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, முதலில் தமிழில் சொல்லிவிட்டு, பிறகு ஓட விடுங்கள். உச்சரிப்பு மாணவர்களுக்குப் பிடிபடாது, பரவாயில்லை, இரண்டு தடவை போடுங்கள். போன் ஒலி பின்பெஞ்சுவரை எட்டாது, சின்ன ஸ்பீக்கர் ஒன்று கொண்டுபோங்கள். பழைய பதிவு என்பதால் இரைச்சல் அதிகம், மின்விசிறியையும் நிறுத்திவிடச் சொல்லுங்கள்.